பிரேக் பேட் சீக்கிரம் தேய்ந்துவிட்டால் வாரண்டி கிடைக்குமா?

புது கார் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. ஓடியது 12,000 கி.மீ. சர்வீஸுக்கு விட்ட இடத்திலிருந்து போன் வருகிறது: "சார், ஃப்ரண்ட் பேட் முடிஞ்சிருச்சு, மாத்தணும்." வாரண்டி இருக்கிறதே என்று கேட்டால், "பேட் எல்லாம் வேர் அண்ட் டேர் சார், வாரண்டில வராது" என்று பதில் வரும்.

இந்தப் பதிலில் பாதி சரி. பேட் வாரண்டியில் வராதுதான். ஆனால் பேட்டை அகாலமாகத் தின்று தீர்த்த காலிபரோ (பேட்டைப் பிடித்து அழுத்தும் பாகம்) மாஸ்டர் சிலிண்டரோ வாரண்டியில் வரும். "பேட் தேய்ந்துவிட்டது" என்று புகார் கொடுப்பவருக்குப் பில் கிடைக்கும். "பேட் ஏன் தேய்ந்தது" என்று கேட்டு, பதிலை அளவோடு எழுதி வாங்குபவருக்குத்தான் கிளைம் கிடைக்க வழி உண்டு. அதற்குப் பிரேக் வேலை செய்யும் விதம் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பிரேக்கை விட்டதும் என்ன நடக்கிறது?

பெடலை மிதித்ததும் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே சக்கரத்துக்குப் போய், காலிபருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பெரும்பாலான கார்களில் பிஸ்டன் உள்பக்கம் மட்டும்தான் இருக்கும். அது உள் பேட்டை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க் மேல் அழுத்தும். அதன் எதிர்விசையில் காலிபர் முழுவதும் இரண்டு கைடு பின்கள் மேல் வழுக்கி நகர்ந்து, வெளி பேட்டையும் இழுத்துவந்து டிஸ்க்கை இறுக்கும்.

மிதிப்பது எல்லோருக்கும் தெரியும். காலை எடுத்த பிறகு நடப்பதுதான் இங்கே முக்கியம். பல கார்களில் பேட்டைப் பின்னால் இழுக்க வலுவான ஸ்பிரிங் எதுவும் கிடையாது. பிஸ்டனைச் சுற்றி ஒரு சதுர வெட்டு ரப்பர் சீல் இருக்கிறது. பிஸ்டன் முன்னே போகும்போது அது லேசாக முறுக்கிக்கொள்ளும், அழுத்தம் போனதும் பழைய நிலைக்குத் திரும்பும்போது பிஸ்டனையும் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு பின்னால் இழுத்துக்கொள்ளும். டிஸ்க்குக்கும் பேட்டுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளி அவ்வளவுதான். சீல் கெட்டிப்பட்டாலோ, பிஸ்டனில் துரு ஏறினாலோ, கைடு பின் பிடித்துக்கொண்டாலோ அந்த இடைவெளி காணாமல் போகும். பிறகு நீங்கள் பிரேக்கைத் தொடாமல் நெடுஞ்சாலையில் போனாலும் பேட் தேய்ந்துகொண்டே இருக்கும்.

சாதாரணத் தேய்மானம் எவ்வளவு?

புது முன்பக்கப் பேட்டில் இரும்புத் தகட்டைக் கழித்துவிட்டுப் பார்த்தால், உராயும் பொருள் ஏறக்குறைய 10 முதல் 12 மி.மீ. இருக்கும். 3 மி.மீ.க்கு வந்ததும் மாற்றிவிடுவது நல்லது. பல கார்களின் கையேடு 2 மி.மீ.யை எல்லையாக வைக்கிறது. 10 மி.மீ. பேட் என்றால் நமக்குப் பயன்படுவது 7 மி.மீ. அது சாதாரணமாக 30,000 முதல் 50,000 கி.மீ. வரை வரும். நகர நெரிசலிலேயே ஓடும் ஆட்டோமேட்டிக் கார் 20,000 சுற்றிலேயே பேட் கேட்டால் அதை வைத்து மட்டும் பழுது என்று சொல்லிவிட முடியாது. பெரும்பாலும் நெடுஞ்சாலையிலேயே ஓடும் காரில் 60,000 தாண்டியும் வரும்.

10,000 கி.மீ. சர்வீஸில் பேட் 8 மி.மீ. இருந்தால் ஆயிரம் கி.மீ.க்கு 0.2 மி.மீ. போயிருக்கிறது, இன்னும் 25,000 ஓடும். அதே சர்வீஸில் 4.5 மி.மீ.தான் இருந்தால் ஆயிரத்துக்கு 0.55 மி.மீ. போகிறது. மிச்சம் சுமார் 2,700 கி.மீ.தான் வரும். அதனால் ஒவ்வொரு சர்வீஸிலும் நான்கு சக்கரப் பேட் அளவையும் ஜாப் கார்டில் (வண்டியின் புகாரையும் வேலையையும் குறிக்கும் தாள்) எழுதச் சொல்லுங்கள். "பிரேக் ஓகே" என்று டிக் அடித்த தாள் பிறகு எதற்கும் உதவாது.

ஓட்டும் விதத்தின் பங்கையும் குறைத்து மதிப்பிடக் கூடாது. வேகம் இரட்டித்தால் பிரேக் தாங்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்காகும். 1,500 கிலோ எடையோடு 40 கி.மீ. வேகத்தில் போகும் காரை நிறுத்த சுமார் 93 கிலோ ஜூல், 80 கி.மீ. வேகத்தில் சுமார் 370 கிலோ ஜூல். மலை இறக்கம் இதைவிட மோசம். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வந்து சேர்வதற்குள் கார் ஏறக்குறைய 1,900 மீட்டர் இறங்குகிறது. அந்த ஆற்றல் முழுவதையும் பிரேக்கே தாங்கினால், 80 கி.மீ. வேகத்திலிருந்து 75 முறை முழுசாக நிறுத்தியதற்குச் சமம். ஏறிய கியரிலேயே இறங்கு என்று மலைப்பாதை ஓட்டுநர்கள் சொல்வது இதற்காகத்தான். நியூட்ரலில் இறங்கி பெட்ரோல் மிச்சம் பிடிப்பவர், மிச்சம் பிடித்ததைப் பேட் கடையில் கொடுத்துவிடுவார்.

தேய்ந்த பேட்டைப் படிப்பது எப்படி?

செருப்பின் அடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தே ஒருவரின் நடையைச் சொல்லிவிடலாம். பேட்டும் அப்படித்தான். ஒரே அச்சில் உள்ள நான்கு பேட்களையும் கழற்றி, இடது உள், இடது வெளி, வலது உள், வலது வெளி என்று வரிசையாகத் தரையில் வைத்துப் பாருங்கள்.

நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில், சமமாகத் தேய்ந்திருந்தால் காரணம் பெரும்பாலும் பயன்பாடுதான்: நெரிசல், அதிக பாரம், மலை, அல்லது பெடல் மேலேயே கால் வைத்து ஓட்டும் பழக்கம். இங்கே வாரண்டி கேட்பது வீண். ஒரு விதிவிலக்கு உண்டு. மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பி வரும் சிறு துளை அடைபட்டாலோ, பெடல் தண்டு சரியான அளவில் பொருத்தப்படாவிட்டாலோ எல்லாச் சக்கரமும் ஒன்றாக இழுத்துப் பிடிக்கும். ஓட ஓட பெடல் கெட்டியாகிக்கொண்டே போவது இதன் அடையாளம். பிரேக் ஆயில் ஊற்ற வேண்டிய இடத்தில் யாராவது பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ இன்ஜின் ஆயிலையோ ஊற்றிவிட்டாலும் ரப்பர் சீல்கள் உப்பி இதே நிலை வரும்.

ஒரே சக்கரத்தில் உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 7 மி.மீ. என்று இருந்தால், ஓட்டுநரைக் குறை சொல்லவே முடியாது. உங்கள் கால் உள் பேட்டை மட்டும் தனியாக மிதிப்பதில்லை. கைடு பின் பிடித்துக்கொண்டதால் காலிபர் நகரவில்லை, அல்லது பிஸ்டன் பின்வாங்கவில்லை. வெளி பேட் மட்டும் அதிகம் போயிருந்தால், காலிபர் நகர்ந்த இடத்திலேயே நின்றுவிட்டது. மறுபடியும் பின்னைத்தான் பார்க்க வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் ஒன்று, ஒன்றரை மி.மீ. வித்தியாசம் சகஜம். அதை வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். ஒரே பேட்டின் ஒரு முனை 6, மறுமுனை 3 என்று ஆப்பு போலத் தேய்ந்திருந்தால், இரண்டு பின்னில் ஒன்று இறுகியிருக்கிறது, அல்லது பேட் உட்காரும் காடியில் துரு ஏறியிருக்கிறது.

இடது சக்கரம் நன்றாக இருக்க, வலது சக்கரத்தின் இரண்டு பேட்டும் போய்விட்டதா? அந்தப் பக்கத்துப் பிஸ்டனோ ரப்பர் ஹோஸோ சந்தேகத்துக்குரியது. ஹோஸின் உட்சுவர் பிரிந்தால் அது வால்வு போல நடந்துகொள்ளும். மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டால் திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதுசு போலவே இருக்கும். காலிபரில் ஆயிலை வெளியேற்றும் நிப்பிளைத் திறந்ததும் சக்கரம் சட்டென்று விடுபட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருந்தது என்று பொருள். அதற்குப் பிறகும் விடுபடாவிட்டால் பிஸ்டனோ பின்னோதான்.

பின்சக்கரத்திலும் டிஸ்க் உள்ள கார்களில் பின் பேட் முன்னதற்குச் சமமாகத் தேய்வது பலரைப் பயமுறுத்துகிறது. லேசாக மிதிக்கும்போது பின்பிரேக்கின் பங்கை எலக்ட்ரானிக்ஸ் கூட்டிக் கொடுப்பதும், பேட் ஆரம்பத்திலேயே மெல்லியதாக இருப்பதும் காரணம். அதைப் பழுதென்று சொல்வதற்குமுன் ஹேண்ட் பிரேக் கேபிள் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். காலை நேரத்தில், பிரேக்கை அதிகம் தொடாமல் பத்துப் பதினைந்து கி.மீ. ஓட்டிவிட்டு நிறுத்துங்கள். கையை ரிம் பக்கம் கொண்டுபோனால் போதும், டிஸ்க்கைத் தொட வேண்டாம், சுட்டுவிடும். ஒரே அச்சின் ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் அது பிடித்துக்கொண்டு ஓடுகிறது. இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இரண்டு பக்க டிஸ்க் வெப்பத்தையும், காட்டும் எண் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் குறைந்ததும், கார் ஒருபக்கம் இழுப்பதும் கூடுதல் சாட்சி.

கையேடு உண்மையில் என்ன சொல்கிறது?

வாரண்டி என்பது தயாரிப்பிலோ மூலப்பொருளிலோ உள்ள குறைக்கு நிறுவனம் தரும் பொறுப்பு. ஓட ஓடக் குறையும் பொருட்களை அது விலக்கி வைக்கும். பிரேக் பேட், பிரேக் ஷூ லைனிங், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், பில்டர், பல்பு எல்லாம் அந்தப் பட்டியலில் வழக்கமாக இருக்கும். காலிபர், பிஸ்டன், மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஏபிஎஸ் யூனிட் ஆகியவை பொதுவாக அதில் இருக்காது. அதாவது முழு வாரண்டிக் காலமும் அவற்றுக்கு உண்டு. மாருதி சுசூகி 2024 ஜூலையில் இந்தக் காலத்தை 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கி.மீ. என்று உயர்த்தியது. அதற்கு முன் 2 ஆண்டு அல்லது 40,000 கி.மீ.தான். உங்கள் கார் எந்தத் தேதியில் விற்கப்பட்டது என்பதைப் பொறுத்து எந்தக் கணக்கு என்று பாருங்கள்.

டிஸ்க்தான் இரண்டுங்கெட்டான். சில கையேடுகள் அதையும் தேயும் பொருளில் சேர்க்கின்றன, சில சேர்ப்பதில்லை. உங்கள் கையேட்டில் "பேட், லைனிங்" என்று மட்டும் இருந்தால், "டிஸ்க்கும் அப்படித்தான் சார்" என்று வாய்மொழியாகச் சொல்வதை ஏற்க வேண்டியதில்லை. 8,000 கி.மீ.யில் பிரேக் அடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்கினால், சூடான டிஸ்க்கில் தண்ணீர் பட்டு வளைந்துவிட்டது என்பது வழக்கமான விளக்கம். பெரும்பாலும் நடப்பது வேறு. சக்கரம் சுற்றும்போது டிஸ்க் பக்கவாட்டில் ஆடும் அளவு 0.05 முதல் 0.1 மி.மீ. என்ற எல்லையைத் தாண்டினால், ஒவ்வொரு சுற்றிலும் அது ஒரே இடத்தில் பேட்டை உரசும். நாளடைவில் டிஸ்க்கின் கனம் இடத்துக்கு இடம் மாறும். மில்லிமீட்டரில் நூறில் இரண்டு பங்கு மாறினாலே காலில் துடிப்பு தெரியும். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் துரு இருக்க அதை மாட்டுவது, ஏர் கன்னால் வீல் நட்டைக் கண்டபடி இறுக்குவது இரண்டும் இதைக் கொண்டுவரும். டிஸ்க்கின் ஆட்டத்தை டயல் கேஜ் வைத்தும், கனத்தை மைக்ரோமீட்டர் வைத்தும் அளக்கச் சொல்லுங்கள். வெர்னியர் கூடாது. டிஸ்க் ஓரத்தில் தேயாமல் நிற்கும் விளிம்பு, கனத்தைக் கூட்டிக் காட்டிவிடும். குறைந்தபட்சக் கனம் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

சர்வீஸ் சென்டர் ஏன் தயங்குகிறது?

அட்வைசர் மறுப்பதற்கு உங்கள் மேல் கோபம் காரணமில்லை. வாரண்டி வேலைக்கான பணத்தைத் தயாரிப்பாளரிடம் கேட்டு வாங்குவது டீலர். பழுதான பாகத்தை ஆதாரமாக வைத்திருந்து அனுப்ப வேண்டும். கிளைம் நிராகரிக்கப்பட்டால் நஷ்டம் டீலருடையது. ஆக, தெளிவான காரணம் எழுதாத ஜாப் கார்டை அவர் மேலே அனுப்ப மாட்டார். அந்தக் காரணத்தை எழுத வைப்பது உங்கள் வேலை.

"பிரேக் சத்தம், செக் பண்ணவும்" என்று எழுதினால் பேட் மாற்றி அனுப்பிவிடுவார்கள். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "12,040 கி.மீ. முன் இடது: உள் பேட் 2 மி.மீ., வெளி பேட் 7 மி.மீ. முன் வலது: 7, 7.5 மி.மீ. இடது காலிபர் கைடு பின், பிஸ்டன் நகர்வு பரிசோதித்து முடிவை எழுதவும்." சர்வீஸ் சென்டர் எழுத மறுத்தால் அதே வாசகத்தை அன்றே மின்னஞ்சலில் அவர்களுக்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் அனுப்புங்கள். கூடவே, நிராகரிப்பு என்றால் கையேட்டின் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் "வராது" என்பவர், எழுத்தில் சொல்லும்முன் இன்னொரு முறை யோசிப்பார். டீலர் மட்டத்தில் முடியாவிட்டால் நிறுவனத்தின் ஏரியா சர்வீஸ் மேனேஜர் காரைப் பார்க்க வேண்டும் என்று கேட்கலாம்.

காலிபர் பழுது என்று ஒப்புக்கொண்டால், அதனால் பாழான பேட்டையும் டிஸ்க்கையும் அதே கிளைமில் சேர்க்கச் சொல்லுங்கள். பேட் தானாகத் தேயவில்லை, வாரண்டி உள்ள பாகத்தின் பழுதால் தேய்ந்தது என்பது நியாயமான வாதம். முழுதும் தராவிட்டாலும் குட்வில் என்ற பெயரில் பாதியாவது தருவது உண்டு.

பழைய பில்களையும் எடுத்துப் பாருங்கள். 10,000 கி.மீ. சர்வீஸில் "பிரேக் கிளீனிங் அண்ட் கிரீஸிங்" என்று பணம் வாங்கியிருக்கிறார்களா? வாங்கியிருந்து 12,000-ல் கைடு பின் இறுகியிருந்தால், அது தயாரிப்புக் குறையே இல்லாவிட்டாலும் சேவைக் குறை. பின்னுக்குப் போட வேண்டியது ரப்பருக்கு ஒத்துப்போகும் சிலிகான் வகை கிரீஸ். சாதாரண சேசிஸ் கிரீஸைத் தடவினால் ரப்பர் புஷ் உப்பி, சுத்தம் செய்த அதே பின் சில மாதங்களில் இறுகும். பல "அதிகத் தேய்மானம்" வழக்குகளின் ஆணிவேர் இந்த ஒரு விரல் கிரீஸ்தான். இதற்கு மாறாக, கார் மழை வெள்ளத்தில் நின்றிருந்து, சேறு போய்க் கைடு பின் இறுகியிருந்தால் வாரண்டி வராது. அங்கே கேட்க வேண்டிய இடம் இன்ஷூரன்ஸ்.

தேய்ந்த பேட்டோடு ஓட்டிக்கொண்டே சண்டை போட வேண்டாம். பேட்டை மாற்றிவிட்டு, பணம் கட்டும்போது "எதிர்ப்புடன் செலுத்தப்படுகிறது" என்று பில்லில் எழுதிக் கையெழுத்திடுங்கள். கழற்றிய பேட்களைக் கேட்டு வாங்கி, எந்தப் பக்கம் எது என்று மார்க்கரில் குறித்து, ஜாப் கார்டு நகலோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். பேட்டைக் குப்பையில் போட்டவரின் வழக்கு பாதி தோற்ற வழக்கு.

வெளியில் சர்வீஸ் செய்திருந்தால்?

"வெளியில கை வெச்சா வாரண்டி போச்சு" என்று முழுதாக மறுப்பது சரியல்ல. உதிரிபாகச் சந்தை தொடர்பாக 14 கார் நிறுவனங்கள் மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் தந்த உத்தரவு, வெளிப் பட்டறையில் வேலை பார்த்ததாலேயே வாரண்டி முழுவதையும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாது என்றது. வெளியில் செய்த தவறான வேலையால் ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் மறுக்கலாம். அந்த உத்தரவை எதிர்த்து நிறுவனங்கள் மேல்முறையீடு போனது தனிக் கதை. நடைமுறையில், வெளியில் ஸ்டீரியோ மாட்டியதைக் காட்டிக் காலிபர் கிளைமை மறுத்தால் எதிர்த்துக் கேளுங்கள். வெளியில் பேட் மாற்றி, அப்போது பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்திருந்தால் நீங்கள் பேச ஒன்றுமில்லை.

நுகர்வோர் ஆணையம் வரை போனால்

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பல சிறு தொகைத் தகராறுகள் அங்கேயே முடியும். முடியாவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கார் வாங்கிய ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் மனு வர வேண்டும். டீலர், தயாரிப்பாளர் இருவரையும் எதிர்மனுதாரராகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கை காட்டித் தப்பிப்பார்.

பார்த்து மட்டும் சொல்ல முடியாத குறை என்றால், பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பையில் போட்டு வைத்த பேட்டும் காலிபரும் அங்கேதான் பேசும். அவை இல்லாவிட்டால் உங்கள் சொல்லும் அவர்கள் சொல்லும் மட்டுமே மிஞ்சும்.

என்ன கேட்கிறீர்கள் என்பதிலும் நிதானம் வேண்டும். கிளட்ச் குறைக்காகக் காரையே மாற்றித் தரச் சொன்ன ஒரு வழக்கில், மாருதி உத்யோக் எதிர் சுசில் குமார் கப்கோத்ரா, உச்ச நீதிமன்றம் 2006-ல் அதை ஏற்கவில்லை. வாரண்டிப்படி கடமை, குறையுள்ள பாகத்தைச் சரிசெய்வது அல்லது மாற்றுவதுதான் என்றது. பிரேக் வழக்கிலும் காலிபர், பேட், டிஸ்க் செலவு, கார் நின்ற நாட்களின் போக்குவரத்துச் செலவு, மன உளைச்சலுக்கும் வழக்குக்கும் ஒரு தொகை என்று கேட்பது நிற்கும். புது கார் கேட்பது பெரும்பாலும் நிற்காது.

இவ்வளவுக்கும் முன்னால், ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் காரின் சேசிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ரீகால் ஏதும் உண்டா என்று பாருங்கள். 2022 அக்டோபரில் மாருதி, பின்பிரேக் அமைப்பில் உள்ள ஒரு பின் உடையக்கூடும் என்று வேகன் ஆர், செலெரியோ, இக்னிஸ் வண்டிகளில் 9,925-ஐத் திரும்ப அழைத்து, பாகத்தை இலவசமாக மாற்றித் தந்தது. அப்படி ஒரு பட்டியலில் உங்கள் எண் இருந்தால் ஜாப் கார்டு வாதம் எதுவும் தேவைப்படாது. ரீகால் எண்ணைச் சொல்லி வண்டியை விட்டால் போதும்.